கிழிக்காதே, தையலைப் பிரி

எங்கள் வீட்டு உஷா தையல் மெஷினுக்கு மேலுறை பச்சை ரெக்சின். நாற்பது வருஷமாக அதுதான் உறை. ஜன்னல் வெயில் பட்ட மேல்பக்கம் வற்றிய ஏரி மண்போல வெடித்திருக்கிறது. உள்மடிப்பில் விரலை வைத்தால் இன்னும் மெத்தென்று இருக்கிறது. 1984-ல் எங்கள் அம்பாசடரின் பின்சீட்டுக்கு வாங்கி மிஞ்சிய துண்டு அது.

அந்த வண்டியை அப்பா 1982-ல் வாங்கினார். ஓசூரில் ஒரு டாக்டர் ஆண்டாண்டாக ஓட்டி முடித்த மார்க் 2. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் இருந்ததால் முன்சீட்டு நடுவில் தடங்கல் இல்லாத ஒரே பெஞ்சு. அப்பாவோடு சேர்த்து முன்னால் நான்கு பேர், பின்னால் ஐந்து பேர், மடியில் குழந்தைகள் தனி. எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையில் அன்றைக்கு வாடகைக்கு ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அஞ்செட்டி, உரிகம், தளிப் பக்கத்திலிருந்து பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஓசூருக்கு ஆள் ஏற்றிப் போகும். முகூர்த்த நாளில் பெண் அழைத்து வரும். பட்டுக்கூடு இறக்கும் சமயத்தில் பின்சீட்டு மெத்தையைக் கழற்றி எங்கள் திண்ணையில் போட்டுவிட்டு, கூட்டு மூட்டைகளை அடுக்கிக்கொண்டு சந்தைக்குப் போகும். அந்த வாரங்களில் திண்ணையில் படிப்பது எனக்குக் கார் சவாரி மாதிரி இருக்கும்.

இப்படி ஓடிய வண்டியின் சீட்டு எத்தனை நாள் தாங்கும்? ஒரு தை மாத முகூர்த்தத்தில், கெலமங்கலத்துக்குப் போன கல்யாணப் பெண் இறங்கும்போது பின்சீட்டு ஓரத்தில் துருத்தியிருந்த ஸ்பிரிங் கம்பி அவளுடைய கூறைப்புடவையைப் பிடித்துக்கொண்டது. ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். அந்த வீட்டார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா வாடகை வாங்காமல் திரும்பி வந்தார். இரவு சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் பின்சீட்டைத் தூக்கி வாசல் புங்கமரத்தடியில் வைத்தார்.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் விட்டால் மூன்று நாளில் புதிதாக்கித் தருவார்கள். மூன்று நாள் வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும், கூலி வேறு. அதனால் வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. பொருள் மட்டும் ஜே.சி. ரோட்டிலிருந்து வந்தது. அப்பா ஏழு கஜம் ரெக்சினைச் சுருட்டித் தோளில் வைத்து பஸ்ஸில் வந்தார். அத்திப்பள்ளி தாண்டி ஜுஜுவாடிச் சோதனைச் சாவடியில் ரசீதைக் காட்டச் சொல்லி இறக்கினார்களாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு அந்த வரிச் சாவடிகள் இல்லை. இன்றைக்கு ரெக்சின் சுருள் கையில் இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எங்கள் தெருக்கோடியில் மெத்தை தைக்கும் பாய் ஒருவர் இருந்தார். வீட்டில் உருது, கடையில் தமிழ், சந்தைக்காரர்களிடம் கன்னடமும் தெலுங்கும். வேலைக்கு அவரை வைக்க எங்களிடம் பணம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் கோணி ஊசியும் வளைந்த ஊசியும் எடுத்துக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். அப்பா இஞ்ச் டேப்பை விரித்ததைப் பார்த்து, "டேப் எதுக்கு அண்ணே? பழைய தோலுதான் அளவு. அதைக் கெடுக்காம எடுங்க, போதும்" என்றார்.

அப்பா ஒரு பிளேடை உடைத்துப் பாதியை என்னிடம் கொடுத்தார். "கிழிக்காதே, தையலைப் பிரி." அன்று முழுவதும் அவர் சொன்னது அது ஒன்றுதான்.

தையலைப் பிரிப்பது பொறுமையைத் தின்னும் வேலை. நான்கு தையலுக்கு ஒன்றை அறுத்துவிட்டு, இரண்டு துணியையும் எதிரெதிராக இழுத்தால் நூல் வரிசையாகக் கழன்று வரும். அவசரப்பட்டு இழுத்தால் ஊசி போட்ட துளைகளின் வழியே ரெக்சின் கிழிந்துவிடும். அப்புறம் அந்த விளிம்பு எங்கே முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குப் பன்னிரண்டு வயது. சாயங்காலம் வரை பிரித்தேன்.

உறை கழன்றதும் உள்ளே ஓர் உலகமே இருந்தது. அடியில் சுருள் ஸ்பிரிங் கூடு. அதன்மேல் சாக்கு. சாக்கின்மேல் தென்னைநார், அதன்மேல் பஞ்சு. சாக்கு நைந்துபோனதால்தான் ஸ்பிரிங் நாரைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது. பாய் காட்டிக் கொடுத்தார்: குற்றம் மேலே தெரியும், காரணம் அடியில் இருக்கும். மடிப்புகளில் கேழ்வரகு மணிகள், கண்ணாடி வளையல் துண்டுகள், காய்ந்த கனகாம்பரம், ஐந்து பைசாக் காசுகள், வெள்ளையாக ஒற்றைப் பட்டுக்கூடு. எல்லாவற்றையும் அம்மா ஒரு முறத்தில் கொட்டி வைத்தாள். வளையல் துண்டுகளை மட்டும் தனியே பொறுக்கி, குழந்தைகள் காலில் குத்தும் என்று கிணற்றடி ஓரமாகப் புதைத்தாள்.

புதிய சாக்குக்கு எங்கள் கேழ்வரகு மூட்டை இரண்டைக் காலி செய்தோம். இரட்டையாக மடித்து, கட்டுக்கம்பியால் ஸ்பிரிங் கூட்டோடு சாணுக்கு ஒரு கட்டு. நாரை உதறி வெயிலில் போட்டு மறுபடி பரப்பினோம். பஞ்சு மட்டும் புதிது.

அந்த வேலையில் ஒரு கெடுதல் நடந்தது, அதைச் செய்தவன் நான். பிரித்த உறைத் துண்டுகளைத் திண்ணையில் காவல் காக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கும் நான்கு சிநேகிதர்களுக்கும் உண்டிவில்லுக்குத் தோல் வேண்டியிருந்தது. சைக்கிள் டியூப் பட்டை எளிதில் கிடைக்கும், கல் வைக்கும் தோல்தான் கிடைக்காது. சாய்மானத் துண்டின் இடது மூலையில் ஐந்து தோல் வெட்டிக்கொண்டோம். பழையதுதானே, தூக்கி எறியப் போவதுதானே என்று நினைத்தேன். அது அளவு என்று பாய் சொன்னது என் காதில் விழுந்திருந்தது, புத்தியில் ஏறவில்லை.

மறுநாள் அப்பா அந்தத் துண்டை விரித்தார். மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை. வலது மூலையைத் திருப்பிப் போட்டு, அதையே இடதுக்கும் அளவாகச் சாக்பீஸில் வரைந்தார். பாய் உதட்டைப் பிதுக்கினார். அந்தச் சாய்மானம் ஏற்கெனவே ஒருமுறை யாரோ திருத்தித் தைத்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. புதிய உறையை மாட்டியபோது இடது மூலையில் ஒரு விரற்கடை துணி மிஞ்சிச் சுருங்கி நின்றது. எவ்வளவு இழுத்துக் கட்டியும் போகவில்லை. 1996-ல் வண்டியை விற்கும் நாள் வரை அந்தச் சுருக்கம் அங்கேயே இருந்தது. பின்சீட்டில் ஏறும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

மாட்டும் வேலையை அப்பா உச்சிப்பொழுதுக்கு என்று ஒதுக்கி வைத்தார். எங்கள் ஊர் தை மாதக் காலையில் ரெக்சின் அட்டைபோல விறைத்திருக்கும், இழுத்தால் வெடிக்கும். வாசலில் பாயை விரித்து உறையை வெயிலில் போட்டு, நன்றாகச் சூடேறித் துவண்டதும் மூன்று பேர் சேர்ந்து இழுத்து மாட்டினோம். வெயில் தணிந்தால் வேலை நிற்கும். நான்கு நாள் இப்படியே போயிற்று. அந்த வாரமும் வாடகை வந்தது. ஊருக்குள் கிட்டத்துச் சவாரிகளுக்கு மட்டும் பின்னால் பலகை போட்டு ஜமக்காளம் விரித்து ஓட்டினார்.

இப்போதைய கதைக்கு வருகிறேன்.

அப்பா சீட்டு தைத்த காலத்தில் ஓசூர் மாறிக்கொண்டிருந்தது. 1971-ல் தொடங்கிய சிப்காட் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980-ல் அசோக் லேலண்டின் ஆலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. பிறகு டைட்டன். நானும் அந்தப் பேட்டையில் ஓர் ஆலையில் முப்பது வருஷம் பராமரிப்புப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவன். இப்போது கெலமங்கலம் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் வரை ஆலைகள் எங்கள் தாலுகாவுக்குள்ளேயே வந்துவிட்டன. விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. லாரியும் பஸ்ஸும் மொபெட்டும் பிறக்கிற வட்டாரம் இது. இந்த வட்டாரத்தில் ஒரு பழைய சீட்டைப் பிரித்துத் தைக்க ஆள் தேடி நான் ஒரு மாதம் அலைந்தேன். மனசு வலித்துத்தான் இதைச் சொல்கிறேன்.

என் வண்டி மாருதி 800. 2001-ல் வாங்கியது. நம்பர் டி.என். 29, தருமபுரி. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்து டி.என். 24 வந்தது, அப்புறம் ஓசூருக்கு டி.என். 70. என் வண்டி மட்டும் பழைய மாவட்டத்தை நெற்றியில் சுமந்துகொண்டு ஓடுகிறது. பதினைந்து வருஷப் பதிவு முடிந்து, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். 1983 டிசம்பரில் முதல் 800 வெளிவந்தது. 2014 ஜனவரியில் கடைசி வண்டி. அம்பாசடரும் அதே 2014-ல், மே மாதம், உத்தர்பாராவில் நின்றது. அப்பாவின் வண்டியும் என் வண்டியும் ஒரே ஆண்டில் பிறப்பு நின்று போயின.

2024 மார்கழியில் மகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆலை வேலைக்கு அதிலேயே போகிறேன் என்றாள். ஒரு நாள் போய்விட்டு வந்து, "அப்பா, வண்டிக்குள்ள ஈரச்சாக்கு நாத்தம். சீட்டுல உக்காந்தா இடுப்புல கம்பி இடிக்குது" என்றாள்.

முதலில் கடைகளுக்குத்தான் போனோம். எல்லோரும் காட்டியது மேலே மாட்டுகிற ரெடிமேட் உறை. அரை மணியில் மாட்டி அனுப்பிவிடுவார்கள். உள்ளே ஃபோம் மாவாகக் கொட்டுகிறது என்று நான் சொன்னால், அது வெளியே தெரியாது சார் என்றார்கள். ஒரு இடத்தில் எல்லாவற்றையும் பிரித்துச் செய்ய ஒப்புக்கொண்டு ஒரு தொகை சொன்னார்கள். வண்டியை விற்றால் வரும் பணத்தில் முக்கால்வாசி அது. மகள் செல்போனில் ஒரு உறை வரவழைத்தாள். அது எந்த வருஷத்து 800-க்கோ தைத்தது. தலைப்பக்கம் இறங்கவில்லை, அடிப்பக்கம் தொங்கியது. திருப்பி அனுப்பினோம். பாயின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அவர் பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அம்மாவின் தையல் மெஷினை எடுத்துத் துடைத்தேன். பச்சை உறை கைக்கு வந்தது.

நாற்றத்திலிருந்து தொடங்கினோம். முன்சீட்டு ஒவ்வொன்றுக்கும் தரையில் நான்கு போல்ட். முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறப்போட்டதால் மூன்று சுலபமாக வந்தன, நான்காவதுக்கு ஒரு காலை போயிற்று. என் வண்டியின் சீட்டில் மின்கம்பி எதுவும் இல்லை. புதிய வண்டிகளில் சீட்டுக்கடியில் மஞ்சள் நிற உறை போட்ட கம்பி ஓடும். அது ஏர்பேக், பெல்ட் சம்பந்தப்பட்டது. அதில் வீட்டில் கை வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். அதேபோல நைந்த சீட் பெல்ட்டை யாரும் வீட்டு மெஷினில் தைத்து ஒப்பேற்றக் கூடாது. சீட்டு நம் கைவேலை, பெல்ட் உயிர்ச்சாமான்.

தரைவிரிப்பைத் தூக்கினால் அடியில் கம்பளிபோன்ற ஃபெல்ட் தண்ணீரைக் குடித்து ஊறிப்போய்க் கிடந்தது. எத்தனை மழையின் தண்ணீரோ. மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரம் போகாது. அந்த ஈரம் தகட்டைத் தின்னும். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்குத் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளைத் தகடு தெரிந்ததும் ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு, அதன்மேல் பெயிண்ட். தண்ணீர் வந்த வழி கதவு. கதவுப் பலகைக்குப் பின்னால் ஒரு பாலிதீன் தாள் ஒட்டியிருக்கும். கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் மழைத்தண்ணீரைக் கதவின் அடித்துளைக்குத் திருப்புவது அதன் வேலை. முன்னொருமுறை கண்ணாடி ரிப்பேருக்குக் கழற்றிய யாரோ அதைக் கிழித்து எறிந்திருந்தார்கள். அற்பத் தாள் அது, அதில்லாமல் பலகை உப்பி, தரை நனைந்து, தகடு துருப்பிடித்திருந்தது. பாய் சொன்ன மாதிரி, காரணம் வேறெங்கோ இருந்தது.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றும் வித்தையை மகளுக்குக் காட்டினேன். பிடிக்குப் பின்னால் குதிரை லாடம்போல ஒரு கம்பிக் கிளிப் இருக்கிறது. பழைய வேட்டித் துணியைக் கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவே நுழைத்து, இரண்டு நுனியையும் பிடித்து மாற்றி மாற்றி இழுத்தால் நூல் கிளிப்பில் சிக்கி அதை வெளியே தள்ளிவிடும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பலகையில் தழும்புதான் மிஞ்சும். கிளிப் தெறித்து ஓடும், கையால் மறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு சீட்டு. மகள் பிளேடை எடுத்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே ஒவ்வொரு மூலையையும் செல்போனில் படம் எடுத்து, துண்டுகளின் பின்பக்கத்தில் மார்க்கரால் எழுத ஆரம்பித்தாள்: டிரைவர், முதுகு, இடது. இரண்டு துண்டும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு, அதற்கு ஒரு எண். அப்பாவும் பாயும் சாக்பீஸில் செய்த அதே அடையாளம்தான். யார் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டேன். "கம்பெனியில பார்ட்ஸ் கழட்டுறப்ப இப்படித்தான் செய்வோம்" என்றாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேகம் காட்டினாள். அப்போதுதான் சொன்னேன், கிழிக்காதே, தையலைப் பிரி என்று. என் குரல் எனக்கே அப்பா குரலாகக் கேட்டது.

உள்ளே இப்போது நாரும் இல்லை, பஞ்சும் இல்லை. பாலியூரிதேன் ஃபோம். காற்றும் ஈரமும் வெப்பமும் சேர்ந்து இருபது வருஷத்தில் அதை மஞ்சள் மாவாக்கியிருந்தன. முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் வாரினோம். கிடைத்தவை: கிருஷ்ணகிரி டோல் சீட்டுகள், முகக்கவச நாடா, மகளின் பள்ளி பேட்ஜ், ஒரு ரூபாய்க் காசுகள், என் பழைய ஆலையின் அடையாள அட்டைக் கிளிப். அம்மா திண்ணையிலிருந்து முறத்தை நீட்டினாள்.

ஃபோம் வாங்க மறுபடி ஜே.சி. ரோடு. 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது அந்த எண். அதைக் கெட்டித்தன்மை என்று பலர் நினைக்கிறார்கள். அமுக்கினால் எவ்வளவு எதிர்க்கும் என்பது வேறு, எத்தனை வருஷம் உழைக்கும் என்பது வேறு. டென்சிட்டி பெரும்பாலும் உழைப்பைச் சொல்லும். உட்காரும் இடத்துக்கு 40 போட்டோம், முதுகுக்கு 32. இடுப்பில் இடித்த கம்பிக்கும் ஃபோமுக்கும் நடுவில் கடைக்காரர் ஃபெல்ட் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அடியில் ஒரு கேழ்வரகுச் சாக்கும் போட்டேன்.

ரெக்சின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஹைட் என்ற ஊரில் ஒரு கம்பெனி தன் சரக்குக்கு வைத்த பெயர். துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசியது. இப்போது நாம் வாங்குவது பி.வி.சி. பூசிய துணி; பெயர் மட்டும் ஊர் ஊராக ஒட்டிக்கொண்டது. இதை வீட்டு மெஷினில் தைக்கலாம், ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊசி 18-ஆம் நம்பர். தையல் அகலமாக இருக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் துளை வரிசை தபால்தலை ஓரம்போல ஆகி அங்கேயே கிழியும். மூன்றாவதை அம்மா சொன்னாள். ரெக்சின் மெஷின் காலில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றது. மகள் இழுத்துப் பார்த்தாள், ஊசி முறிந்தது. "முகப்பவுடரைக் கொஞ்சம் தூவுடி" என்றாள் அம்மா. தூவினோம், வழுக்கிக்கொண்டு போயிற்று. 1984-ல் பகலெல்லாம் தைத்தவள் அவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா சீட்டு தைத்தார், அப்பா சீட்டு தைத்தார் என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். அவர் பிரித்தார், வரைந்தார், வெட்டினார், இழுத்துக் கட்டினார். மெஷின் மிதித்த கால் அம்மாவுடையது.

மாட்டும் நாளில் பனி விலகவே பத்து மணி ஆயிற்று. மகள் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து மூலைகளைச் சூடாக்கினாள். வேலை நடந்தது. அதிகம் காட்டினால் பளபளப்பு வந்து பூவேலை அழிகிறது என்பதையும் கண்டோம். மிச்சத்தை உச்சிவெயிலுக்கு வைத்துக்கொண்டோம். கட்டுக்கம்பிக்குப் பதில் கேபிள் டை. போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்து நான் முறுக்கினேன், மகள் மறுபடி ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தாள். பசை வாடை போகக் கதவுகளைத் திறந்துபோட்டுவிட்டு வாசலிலேயே கட்டில் போட்டுப் படுத்தேன். நள்ளிரவில் கேழ்வரகுக் கொல்லைப் பக்கம் யானை விரட்டும் வெடிச்சத்தம் கேட்டது. அம்பாசடர் வாசலில் நின்ற காலத்திலும் இந்தப் பருவத்தில் யானை விரட்டும் சத்தம் கேட்கும். தகர டின் தட்டுவார்கள் அப்போது.

பழைய உறைகளை எறியவில்லை. எண் போட்ட துண்டுகளைச் சுருட்டி, சிமெண்ட் பையில் போட்டுப் பரணில் ஏற்றியிருக்கிறோம்.

முதல் சவாரி பேட்டராய சுவாமி கோயிலுக்கு. அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றினோம். மகள் ஓட்டினாள். அம்மா உட்கார்ந்தாள், கையால் மெத்தையை அமுக்கினாள், பிறகு இடது மூலையில் சாய்மானத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது.

"என்னம்மா?"

"அந்த வண்டில இங்க ஒரு சுருக்கம் இருக்கும்டா. எங்க போனாலும் வெத்தலைப் பொட்டலத்தை அதுலதான் சொருகி வெப்பேன். இதுல எங்க வெக்கிறது?"

மகள் வண்டியை ஓரமாக நிறுத்தி, பின்பக்கம் திரும்பி, பாட்டியின் பொட்டலத்தை வாங்கி விரலால் அளந்து பார்த்தாள். மிஞ்சிய ரெக்சின் மெஷின்மேல் கிடக்கிறது, இன்றைக்கே தைத்துவிடலாம் என்றாள்.